ஒரு நாளும் குறையாத பால் கணக்கு: படுவான்கரைச் சங்கமொன்றில் நடந்த முறைகேடு பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இயங்கும் ஒரு கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பால் சேகரிப்பு நிலையத்தில் நடந்த முறைகேடு பற்றியது இந்தப் பதிவு. சங்கத்தின் நிர்வாக சபை அமைத்த மூவர் விசாரணைக் குழுவில் வெளியாளாக நானும் இருந்தேன். ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை விட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்ட எல்லாரும் எழுதச் சம்மதித்தார்கள். பொறுப்பாளராக இருந்தவரும் சம்மதித்தார்.

களவு எப்படிப் பிடிபட்டது என்று ஊரில் நிறையக் கதை உண்டு. அது எங்கே, எந்த நாளில், யாருடைய கையெழுத்தில் தொடங்கியது என்பதைத்தான் மற்றச் சங்கங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

படுவான்கரையில் வயல் செய்யாத வீடு குறைவு. மாடு இல்லாத வீடும் அப்படித்தான். பெரும்பாலும் நாட்டு மாடு. காலையில் ஒன்றரை, இரண்டு லீற்றர் கறந்தாலே நல்ல பசு என்பார்கள். பெரும்போகத்துக்கு விதைத்தவுடன் பட்டிகளை மேய்ச்சல்தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள், நிலையத்துக்கு வரும் பால் குறையும். அறுவடை முடிந்து மாடுகள் வயலுக்குள் இறங்கிவிட்டால் மறுபடி கூடும்.

நிலையம் இரண்டு அறைகள் கொண்ட சின்னக் கட்டடம். ஒன்றில் குளிரூட்டும் தாங்கி, மற்றதில் மேசையும் கொப்பிகளும். அறுபது பேர் அளவில் தினமும் பால் கொண்டு வருவார்கள். பொறுப்பாளர் அளவுக் குவளையால் அளந்து, பால்மானி போட்டுப் பார்த்து, அங்கத்தவரின் பாஸ் புத்தகத்திலும் நிலையக் கொப்பியிலும் எழுதுவார். பால் தாங்கியில் 4 பாகை செல்சியஸ் வரை குளிரும். மத்தியானம் பதனிடும் கம்பனியின் பவுசர் (பால் ஏற்றும் தாங்கி வண்டி) வந்து, பாலை நிறுத்து, ஏற்றிக்கொண்டு போகும். கொப்பியில் உள்ள மொத்தமும் பவுசர் துண்டில் உள்ள மொத்தமும் ஒத்துப்போக வேண்டும்.

ஆனால் பால் அப்படி ஒத்துப்போகிற சாமான் இல்லை. கானின் (பால் கொண்டு வரும் பாத்திரத்தின்) சுவரில் ஒட்டும், சோதனைக்கு எடுத்தது திரும்பப் போகாது, ஊற்றும்போது சிந்தும், நுரை அடங்கியபின் மட்டம் இறங்கும். நிலையம் லீற்றரில் அளக்கும். பவுசர் கிலோவில் நிறுத்து, ஒரு லீற்றர் கிட்டத்தட்ட 1.03 கிலோ என்று வைத்து லீற்றருக்கு மாற்றும். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லீற்றர் குறைவது இயல்பு. பால் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும்.

பொறுப்பாளர் பத்து வருடத்துக்கு மேலாக அங்கே இருந்தவர். யாருடைய பசு எப்போது கன்று போடும் என்பது வரை அறிந்தவர். மாட்டுக்கு மருந்து வாங்கக் கையில் காசு இல்லாதவருக்குத் தன் பையில் இருந்து கொடுத்ததைப் பலர் எங்களிடம் சொன்னார்கள். அவருடைய தாய்மாமன் ஊர்க் கோயிலில் வண்ணக்கர், அதாவது கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவர். சங்கத்தின் செயலாளர் அவருக்கு மச்சான் முறை. பெரிய ஊரில் இதெல்லாம் தற்செயல். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இப்படி இல்லாத சங்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2022 ஆம் ஆண்டின் மின்வெட்டு எல்லாருக்கும் நினைவிருக்கும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இருக்கவில்லை. ஜெனரேற்றருக்கு டீசல் வாங்க வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. கறந்த பால் எங்கள் வெயிலுக்கு நாலைந்து மணித்தியாலம் தாங்குவதே பெரிய காரியம். தாங்கியில் இருந்த பால் புளித்தது, பவுசர்காரர் ஏற்ற மறுத்தார், சங்கத்துக்கு நட்டம். நட்டத்தில் கலங்கிப்போன நிர்வாக சபை அந்த வருட நடுவில் ஒரு தீர்மானம் எழுதியது: நிலையத்தில் ஏற்படும் குறைவு, பழுது எல்லாம் இனிப் பொறுப்பாளரையே சாரும்.

அந்தக் கூட்டத்துக்குப் பொறுப்பாளரைக் கூப்பிடவில்லை. மறு மாதம் சம்பளம் குறைந்து வந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

கண்டது என்ன

2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சங்கத்துக்கு ஒரு மடிகணினி வந்தது. பழைய கொப்பிகளை அதில் பதியும் வேலையை நிலையத்தின் உதவியாளரிடம் கொடுத்தார்கள். அவர் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்த இளம் பெண். வரிக்கு வரி தட்டச்சு செய்ததால், யாரும் தொடர்ச்சியாகப் படிக்காத கொப்பிகளை அவர்தான் முதலில் தொடர்ச்சியாகப் படித்தார்.

2022 நடுப்பகுதி வரை கொப்பியின் ஓரத்தில் இரண்டு குறைவு, மூன்று குறைவு, ஐந்து குறைவு என்று பென்சிலில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளும் குறையவில்லை. சில நாள் கொப்பியைவிடப் பவுசர் துண்டில் அதிகமாகவும் இருந்தது. மழை நாளிலும் இல்லை, தாங்கி கழுவிய நாளிலும் இல்லை, கான் கவிழ்ந்து முற்றத்தில் பால் ஓடியதை அவரே கண்ணால் கண்ட நாளிலும் குறைவு இல்லை.

அடுத்தது, அங்கத்தவர்களின் அளவுகள் எல்லாம் முழுசும் அரையுமாக இருந்தன. ஆறு, ஆறரை, ஏழு. ஆறே கால் என்றோ ஆறு லீற்றர் நானூறு என்றோ ஓர் இடத்திலும் இல்லை. அரை லீற்றருக்குக் கீழே வந்தது எல்லாம் கீழ்ப்பக்கமாகவே தள்ளப்பட்டிருந்தது. இப்படித் தள்ளினால் ஆளுக்குச் சராசரி கால் லீற்றர் போகும். அறுபது பேருக்கு அது 15 லீற்றர். இயல்பான குறைவு நாலு லீற்றர் போனாலும் மிச்சம் பத்துக்கு மேல்.

மூன்றாவதுதான் அவரை உலுக்கியது. ஓர் அங்கத்தவர் இலக்கத்துக்கு 2023 முதல் தினமும் ஒன்பது, பத்து, பதினொரு லீற்றர் பால் எழுதப்பட்டிருந்தது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அந்த இலக்கத்துக்கு உரியவரின் பட்டியும் அப்போது அழிந்துபோனது. அவர் அதற்குப் பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். ஊருக்கே தெரிந்த விஷயம்.

யாரிடம் சொல்வது? செயலாளர் பொறுப்பாளரின் மச்சான். தலைவர் வயதில் மூத்தவர், இந்தப் பிள்ளை நேரே போய்ப் பேசக்கூடிய இடத்தில் இல்லை. முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அது தொங்கியது பொறுப்பாளரின் மேசைக்கு நேர் மேலே. சில கிழமை இதை மனதில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்து போயிருக்கிறார். கடைசியில் நிர்வாக சபையில் இருந்த ஒரே பெண் உறுப்பினரின் வீட்டுக்குப் போனார்.

"மாமி, அந்த நம்பர்காரர்ட மாடெல்லாம் குளிர் வந்த வருசமே செத்துப்போச்சே. பால் எங்க இருந்து வருது?"

உறுப்பினர் கொஞ்ச நேரம் கொப்பியின் படத்தைப் பார்த்திருக்கிறார். "வேற ஆருக்கும் சொன்னியா மகள்?"

"இல்ல மாமி."

"சொல்லாத. நாளைக்கும் வழமை போல வேலைக்குப் போ. இனி இது என்ட பொறுப்பு."

இந்தக் கடைசி வார்த்தையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். முறைகேட்டைக் கண்டவருக்கு முதலில் தேவைப்படுவது, அதைத் தன் தோளில் இருந்து இறக்கி வாங்கிக்கொள்ள ஓர் ஆள். அந்தப் பெண் உறுப்பினர் "உனக்கு நல்லாத் தெரியுமா", "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்றெல்லாம் தொடங்கியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

முதல் முடிவுகள்

அந்தப் பெண் உறுப்பினர் தலைவரைத் தனியாகக் கண்டு பேசினார். தலைவர் செயலாளரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கூட்டினார். அப்புறம்தான் மாவட்டத்தில் வேறு சங்கங்களின் கணக்கு வேலைகளில் பழக்கமுள்ள என்னைக் கூப்பிட்டார்கள்.

நானும் போன கூட்டத்தில் மூன்று விதமாகப் பேசினார்கள். பொலிசுக்குப் போகலாம் என்று ஒருவர். கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லி, காசைக் கட்ட வைத்து, சத்தமில்லாமல் வேறு நிலையத்துக்கு மாற்றலாம் என்று பலர். கோயிலில் வைகாசிச் சடங்கு வருகிறது, அவருடைய மாமா வண்ணக்கர், இந்த நேரத்தில் ஊரைப் பிரிக்க வேண்டாம் என்ற கவலை அதற்குள் இருந்தது. கவலை பொய் இல்லை. ஆனால் சத்தமில்லாமல் மாற்றினால் அடுத்த நிலையத்து மாட்டுக்காரருக்கு நாங்கள் தெரிந்துகொண்டே ஒரு கெடுதியை அனுப்பி வைக்கிறோம் என்று பெண் உறுப்பினர் சொன்னார். அதற்கு மறுபேச்சு வரவில்லை.

மூன்றாவது யோசனை பொறி வைப்பது. நம்பிக்கையான ஓர் ஆளிடம் அளந்த பாலைக் கொடுத்து அனுப்பி, என்ன எழுதுகிறார் என்று சில நாள் பார்ப்பது. இதை நான் கடுமையாக எதிர்த்தேன். கொப்பியே போதுமான சாட்சி. பொறி வைத்துப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் அறுபது பேரின் பால் குறைத்து எழுதப்படுவதை நாங்கள் தெரிந்துகொண்டே விடுகிறோம். அதோடு, பொறி வைத்துப் பிடித்த இடத்தில் பிறகு வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் தனக்கும் ஒரு பொறி எங்கேயோ இருக்கிறது என்றுதான் நினைப்பார்.

எடுத்த முடிவுகள் இவை. கொப்பிகள் அனைத்தையும் படமெடுத்துப் பிரதி இரண்டு இடங்களில் வைப்பது. செயலாளர் இந்த விஷயத்தில் இருந்து எழுத்தில் விலகி நிற்பது. அவர் முதலில் கோபப்பட்டார். "என்னையும் கள்ளன் எண்டா நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நீங்கள் நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னாலும் மச்சானுக்காகச் சொன்னார் என்றுதான் ஊர் பேசும், உங்களைக் காப்பாற்றத்தான் விலகச் சொல்கிறோம் என்று தலைவர் விளக்கியபின் கையெழுத்து வைத்தார். மூன்றாவது, ஒரு மின் தராசு வாங்கி, எல்லா அங்கத்தவருக்கும் பொறுப்பாளருக்கும் முன்கூட்டியே அறிவித்து, திங்கட்கிழமை முதல் நிறுத்து எழுதுவது.

தராசு வந்த அன்று அந்தக் கட்டார்க்காரரின் இலக்கத்துக்குப் பால் வரவில்லை. பிறகு ஒரு நாளும் வரவில்லை. மற்றவர்களின் பாஸ் புத்தகங்களில் முதல் தடவையாக 6.3, 7.2, 4.8 என்று எண்கள் விழுந்தன. தினமும் நான்கு லீற்றர் அளவில் கொண்டு வரும் ஒரு வயதான அம்மா, தன் புத்தகத்தை எழுதத் தெரிந்த பேரனிடம் காட்டி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாராம்.

பழிவாங்கல்

தகவல் சொன்னது யார் என்று நாங்கள் வெளியே விடவில்லை. கணக்குச் சரிபார்ப்பில் வந்தது என்றுதான் சொன்னோம். சரிபார்ப்பும் உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் மடிகணினியில் பதிந்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு கிழமைக்குள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கதை போனது.

ஒரு நாள் காலை அவருடைய தகப்பன் கொண்டு வந்த பாலைப் பொறுப்பாளர் முகர்ந்து பார்த்து, "புளிச்சிட்டு, எடுக்கேலாது" என்று திருப்பினார். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். மனிதர் ஒன்றும் பேசாமல் கானைத் தூக்கிச் சைக்கிளில் கட்டத் தொடங்கினார். அப்போது வரிசையில் நின்ற இன்னொரு மாட்டுக்காரர் "கொஞ்சம் பொறுங்க" என்று கானைத் திறந்து, ஒரு கரண்டி பால் எடுத்து, தேத்தண்ணி அடுப்பில் பிடித்துக் கொதிக்க வைத்தார். புளித்த பால் சூட்டில் திரியும். இது திரியவில்லை. பொங்கி, கரண்டி விளிம்பால் வழிந்து, நெருப்பில் விழுந்தது. அவர் கரண்டியை எல்லாருக்கும் காட்டிவிட்டு மேசையில் வைத்தார்.

அன்று பின்னேரமே பொறுப்பாளருக்குப் பணி இடைநிறுத்தக் கடிதம் கொடுக்கப்பட்டது. விசாரணை முடியும் வரை அரைச் சம்பளம். முறைகேட்டுக்காக இல்லாமல், தகவல் தந்தவரின் குடும்பத்தைத் தண்டிக்க முயன்றதற்காகவே அந்த இடைநிறுத்தம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதினோம். பால் குறைத்து எழுதியதற்கு விளக்கம் கேட்கலாம், காத்திருக்கலாம். உண்மை சொன்னவரின் தகப்பன் வரிசையில் தலைகுனிந்து நிற்பதை ஒரு நாள் விட்டாலும் அதற்குப் பிறகு அந்தச் சங்கத்தில் வாய் திறக்க யாரும் வர மாட்டார்கள்.

விசாரணை

குற்றச்சாட்டுகளை எழுத்தில் கொடுத்தோம். பதில் எழுத இரண்டு கிழமை. கொப்பிப் பிரதிகள் அவருக்கும் கொடுக்கப்பட்டன. தனக்குத் துணையாக ஒருவரைக் கூட்டிவரலாம் என்றோம். ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர் ஒருவரோடு வந்தார். விசாரணைக் குழுவில் மூவருக்கும் அவரோடு சொந்தம் இல்லை, அவருடைய குடியும் (தாய்வழிக் குலமும்) இல்லை.

அவர் மறுக்கவில்லை. பையில் இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். 2022 இல் சம்பளத்தில் கழிக்கப்பட்ட ஒவ்வொரு தொகையும் திகதியோடு அதில் இருந்தது. மின்சாரம் போய்ப் புளித்த பால், பவுசர் பிந்தி வந்ததால் பழுதான பால், சும்மா இயல்பாகக் குறைந்த பால், எல்லாம்.

"நான் குடிச்சனா இந்தப் பாலை?" என்று கேட்டார்.

குறைவு வராமல் பார்ப்பதற்காகத்தான் முதலில் அரை லீற்றருக்குக் கீழே தள்ளத் தொடங்கினார். அப்போது கையில் எடுக்கவில்லை. மிஞ்சியது தாங்கியோடு பவுசரில் போய், கம்பனி கொடுத்த காசு சங்கத்துக்கே வந்தது. குறைவு நின்றதைப் பார்த்து நிர்வாக சபை சந்தோஷப்பட்டது. எப்படி நின்றது என்று யாரும் கேட்கவில்லை. வருட இறுதிக் கூட்டத்தில் அவரைப் பாராட்டிப் பேசியதும் அறிக்கையில் இருக்கிறது. சில மாதம் போனபின், கழித்த என் காசை நானே எடுத்தால் என்ன என்று தோன்றியது. கட்டாருக்குப் போனவரின் பாஸ் புத்தகம் நிலையத்திலேயே கிடந்தது. பால் காசு பதினைந்து நாளுக்கு ஒருமுறை காசாகவே கொடுக்கப்பட்டதால் அவர் பெயரில் கையெழுத்து வைத்து எடுக்க முடிந்தது. கழிக்கப்பட்ட தொகை நாலைந்து மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டது. அப்புறமும் நிறுத்தவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் எடுத்திருந்தார், அதற்கு அந்தக் காசு பழகிவிட்டது.

டொனால்ட் கிரெசி என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்து பணம் கையாடிச் சிறை சென்றவர்களோடு பேசி 1953 இல் எழுதியது இன்றைக்கும் கணக்காய்வாளர்களுக்குப் பாடம். வெளியே சொல்ல முடியாத ஒரு பண நெருக்கடி, எடுக்க ஒரு வசதி, தன் மனதுக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு நியாயம், இந்த மூன்றும் கூடும் இடத்தில் கையாடல் நடக்கிறது என்றார். இங்கே மூன்றில் இரண்டைச் சங்கமே செய்து கொடுத்திருந்தது. காசாகக் கொடுக்கும் முறையும் கவனிப்பாரற்ற இலக்கமும் வசதி. 2022 தீர்மானம் நியாயம். சம்பளத்தில் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்பதற்கு எங்கள் தொழிற் சட்டங்களில் எல்லை இருக்கிறது. மின்வெட்டில் புளித்த பாலை ஊழியரின் தலையில் போட்டது அந்த எல்லைக்குள் அடங்காது.

இதைச் சொன்னதும் சபையில் ஒருவர் "அப்ப அவர் செய்தது பிழை இல்லையா?" என்று கேட்டார். பிழைதான். சங்கம் அவருக்குச் செய்த அநியாயத்தை அவர் சங்கத்திடம் கேட்டிருக்க வேண்டும். அவர் எடுத்ததோ ஒன்றும் அறியாத அறுபது பேரின் கானில் இருந்து. அதில் இரண்டு பசு வைத்துச் சீவிக்கிற அந்த அம்மாவின் கால் லீற்றரும் இருந்தது. உதவியாளரின் தகப்பனுக்குச் செய்ததற்கு எந்தத் தீர்மானத்தையும் அவர் காரணம் காட்ட முடியாது. அதை நாங்கள் சொன்னபோதுதான் அவர் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தார்.

முடிவும் பணமும்

வேலையில் இருந்து நீக்குவது என்று குழு ஏகமனதாகப் பரிந்துரைத்தது. விசாரணை அறிக்கை கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்துக்கு அனுப்பப்பட்டது. சங்கத்துக்கும் அதன் ஊழியருக்கும் இடையிலான பணத் தகராறைக் கூட்டுறவுச் சட்டப்படி பதிவாளரின் தீர்ப்புக்கு விட வழியுண்டு. அந்த வழியில் போய், திருப்பிக் கட்டும் தொகையும் தவணைகளும் எழுத்தில் வந்தன.

பொலிசுக்குப் போவதா என்பதைப் பொதுச்சபையில் வைத்தார்கள். நம்பிக்கை மோசடி குற்றவியல் சட்டத்தில் பாரதூரமான குற்றம், அதை மூடி மறைக்கச் சங்கத்துக்கு உரிமை இல்லை என்று நான் சொன்னேன். திணைக்களத்துக்கு முழுமையாக அறிவித்திருக்கிறோம், எதையும் மறைக்கவில்லை, காசு திரும்பி வர வேண்டும் என்பதே எங்களுக்கு முதல் என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. தவணை தவறினால் முறைப்பாடு செய்வது என்ற நிபந்தனையோடு. நான் அதை முழு மனதோடு ஏற்கவில்லை, ஆனால் பறிகொடுத்தவர்கள் வாக்களித்து எடுத்த முடிவு அது.

பணத்தைப் பிரிப்பதில்தான் பெரிய வாக்குவாதம். 2022 இல் தவறாகக் கழித்த சம்பளத்தை அவர் கட்ட வேண்டிய தொகையில் இருந்து குறைக்க வேண்டும் என்று குழு சொன்னது. "கள்ளனுக்குக் கணக்குப் பார்க்கிறதா" என்று சத்தம் எழுந்தது. அதோடு இன்னொன்றும் சொன்னோம். தொடக்க மாதங்களில் மிஞ்சிய பாலின் காசு சங்கத்தின் கணக்கில் வருமானமாகக் கிடக்கிறது. அது மாட்டுக்காரரின் காசு, சங்கம் திருப்பிக் கொடுக்க வேண்டும். சபையில் இருந்த பலருக்கு இது கசந்தது. பொறுப்பாளர் எடுத்தது களவு என்றால், அறியாமல் என்றாலும் நாங்கள் வைத்திருப்பது யாருடையது என்று தலைவர் கேட்டார். இரண்டும் நிறைவேறின. அந்தக் காலத்தில் பால் கொடுத்தவர்களுக்கு, கொடுத்த லீற்றரின் அளவுப்படி பிரித்து, பால் காசோடு சேர்த்து வழங்கினார்கள்.

மாற்றியவை

2022 தீர்மானத்தைப் பொதுச்சபையில் எழுத்தில் நீக்கினார்கள். மாற்றங்களில் இதுதான் தலையாயது. நூறு லீற்றருக்கு ஒரு லீற்றர் வரை குறைவு இயல்பு என்று ஏற்று, அதற்கு மேல் போனால் காரணம் எழுத வேண்டும் என்று வைத்தார்கள். குறைவை எழுதியதற்காக யாருக்கும் தண்டனை இல்லை. குறைவை எழுதாமல் விட்டால் விளக்கம் கேட்கப்படும்.

தராசின் எண் பால் கொண்டு வருபவரைப் பார்த்தபடி இருக்கிறது. அச்சிட்ட துண்டு கையில் கொடுக்கப்படுகிறது. பால் காசு வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கு இல்லாத சில வயதானவர்களுக்கு மட்டும் காசாக, இரண்டு பேர் முன்னிலையில். வருடத்துக்கு ஒருமுறை நிர்வாக சபை உறுப்பினர்கள் ஒவ்வொரு அங்கத்தவர் இலக்கத்துக்கும் உரிய மாட்டுக் காலைக்கு (தொழுவத்துக்கு) போய்ப் பார்க்க வேண்டும். மாடு இல்லாத இலக்கம் அன்றே நிறுத்தப்படும்.

முறைப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பெண் உறுப்பினரின் தொலைபேசி இலக்கமும், சங்கத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வெளியாளின் இலக்கமும் பாஸ் புத்தகத்தின் பின் அட்டையில் அச்சிடப்பட்டன. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கமும் அங்கே இருக்கிறது. இந்தச் சம்பவம் இலஞ்சம் இல்லை. ஆனால் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது, தகவல் தருபவர்களுக்குப் பாதுகாப்பும் அதில் உண்டு என்பதை அங்கத்தவர்கள் அறிந்திருப்பது நல்லது.

பின்னர் நடந்தது

புதிய பொறுப்பாளர் வந்த முதல் மாதக் கொப்பியைப் பார்த்து நிர்வாக சபையில் இருவர் பதறிப்போனார்கள். "பழைய ஆள் இருக்கக்குள்ள ஒரு சொட்டும் குறையல்ல. இப்ப ஒவ்வொரு நாளும் மூணு, நாலு லீற்றர் குறையுது!" என்றார்கள். பழைய கொப்பியையும் புதிய கொப்பியையும் பக்கத்தில் வைத்து, அறுபது பேரின் பாஸ் புத்தகக் கூட்டுத்தொகையையும் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. குறைவு எழுதப்பட்ட கொப்பியில்தான் மாட்டுக்காரருக்குப் பால் கூடியிருந்தது.

முந்தைய பொறுப்பாளர் தவணைகளை இதுவரை ஒழுங்காகக் கட்டி வருகிறார். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். சொந்தமாக ஐந்தாறு பசு வைத்திருக்கிறார், அங்கத்தவராக அதே நிலையத்துக்குப் பால் கொண்டு வருகிறார். அவரைச் சங்கத்தில் இருந்தே விலக்க வேண்டும் என்று ஒரு பேச்சு வந்தது. வேலை போன பிறகு சீவியத்தையும் பறிக்க வேண்டாம் என்று சொன்னவர், அன்று கரண்டியில் பால் காய்ச்சிக் காட்டிய அதே மாட்டுக்காரர்.

உதவியாளர் சில மாதம் அங்கே இருந்துவிட்டு மேற்படிப்புக்குப் போய்விட்டார். பொதுச்சபையில் நன்றி சொல்லட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றார். பெயர் சொல்லாமல், சங்கம் அவருக்கு ஒரு சேவைச் சான்றிதழ் கொடுத்தது. அவருடைய வீட்டோடு இன்னமும் பேசாத இரண்டு குடும்பங்கள் ஊரில் இருக்கின்றன. இதை எந்த விதியாலும் சரிசெய்ய முடியவில்லை.

இன்னொரு சங்கத்தில் வந்தால்

தகவல் தந்தவரை முதல் நாளே நிலையத்தில் இருந்து சங்கக் கந்தோருக்கு, சம்பளம் குறையாமல், அவருடைய சம்மதத்தோடு மாற்றியிருக்க வேண்டும். கொப்பி பதியும் வேலையை அங்கே இருந்தும் செய்யலாம். தகப்பனின் பாலைத் திருப்பிய அந்தக் காலை அப்படியும் வந்திருக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளை அதை அதே அறையில் நின்று பார்க்க வேண்டி வந்திராது. பாலைத் திருப்பும் அதிகாரமும் ஒருவர் மூக்கில் மட்டும் இருக்கக் கூடாது. கொதிக்க வைத்துப் பார்க்காமல் யாருடைய பாலையும் திருப்புவதில்லை என்ற விதி முன்னரே இருந்திருக்க வேண்டும்.

அங்கத்தவர்களுக்கு உண்மை பிந்தியே சொல்லப்பட்டது. தராசு வந்த நாளில் இருந்து பொதுச்சபை கூடும் வரை ஊரில் ஓடிய கதைகளில் தொகை பத்து மடங்காகியிருந்தது, சம்பந்தமே இல்லாத பவுசர்காரரின் பெயரும் அடிபட்டது. விசாரணை நடக்கிறது, யார்மேலும் இன்னும் தீர்ப்பு இல்லை, உங்கள் பால் இன்று முதல் சரியாக நிறுக்கப்படுகிறது என்ற மூன்று வரியையாவது அன்றே நிலையச் சுவரில் ஒட்டியிருக்கலாம்.

செயலாளரும் பொறுப்பாளரும் உறவினராக இருப்பதைப் பற்றிய விதி இன்னும் எழுதப்படவில்லை. சொந்தக்காரரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று போட்டால் அந்த ஊரில் ஆளே கிடைக்காது. உறவை எழுத்தில் அறிவிப்பது, உறவினரின் கொப்பியைச் சரிபார்க்கும் கையெழுத்து வேறொருவருடையதாக இருப்பது என்ற வரைவு அடுத்த பொதுச்சபைக்குப் போகிறது. அதைக் கொண்டு வந்தவர் செயலாளர்.